சொல்லவும் வேண்டும், பழகவும் வேண்டும்

குழந்தையின் தலை வந்துவிட்டது; உடல் வரவில்லை. வெளிவந்த தலையும் பின்னுக்கு இழுபட்டு ஒட்டி நிற்கிறது. முன்பக்கத் தோள், தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டதன் அடையாளம் இது. பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்கள் விண்டுபோகலாம். பிறகு அந்தக் கை துவண்டு தொங்கும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் இப்படி நேர்கிறது. பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தேறிவிடுவார்கள். மற்றவர்களின் கைக்கு முழுப் பலம் ஒருபோதும் வருவதில்லை.

குழந்தையின் எடை நாலு கிலோவைத் தாண்டுவது, தாயின் உடற்பருமன், முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கியது, இழுத்துக்கொண்டே போகும் வலி, ஆயுதம் போட்டு எடுப்பது என்று தோள் மாட்டிக்கொள்வதற்கான ஆபத்துக் காரணிகள் பல. எல்லாவற்றிலும் நம் ஊரில் கவலைக்குரியது சர்க்கரை. தாயிடமிருந்து கூடுதலாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் உடல் இன்சுலினை அதிகம் சுரக்கிறது. கொழுப்பு தோளிலும் மார்பிலும் சேர்கிறது. அதனால் ஒரே எடையுள்ள இரு குழந்தைகளில், சர்க்கரையுள்ள தாயின் குழந்தைக்குத் தோள் சிக்கும் வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பல்லாண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஆனால், அந்தப் பரிசோதனையில் வரும் எண் பிரசவ நாளில் என்ன செய்யக்கூடும் என்று தாயிடம் யார் சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் நாடின் மான்ட்கோமரி என்ற தாய்க்கும் யாரும் சொல்லவில்லை. உயரம் குறைந்தவர், சர்க்கரை நோயாளி. குழந்தை பெரிதாக இருக்கிறதே, சுகப்பிரசவம் ஆகுமா என்று கேட்டவர். அவர் நிலையில் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்று மருத்துவர் சொல்லாமல் விட்டார். 1999இல் பிறந்த மகனின் தோள் சிக்கி, தலை வந்த பின் உடல் வர 12 நிமிடங்கள் ஆயின. மூளை முடக்குவாதம், கை நரம்புச் சேதம் இரண்டும் அவனுக்கு மிஞ்சின. வழக்குத் தொடுத்துக் கீழ் நீதிமன்றங்களில் தோற்ற தாய், 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். முக்கியமான ஆபத்துகளைச் சொல்லி, தாயையே முடிவெடுக்க விடுவது மருத்துவரின் கடமை என்றானது. நம் மருத்துவமனைகளுக்கும் அந்தக் கடமை உண்டு என்றே நினைக்கிறேன்.

அதற்காக எல்லோரையும் அறுவை அறைக்கு அனுப்புவது தீர்வாகாது. தோள் சிக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய பாதி, நாலு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுடையவை. ஸ்கேன் சொல்லும் எடையும் சில நூறு கிராம் தவறலாம். முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒன்றுக்குப் பிரசவ அறைதான் தயாராக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்னவோ எளிது. தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்க இருவர். அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கையை வைத்துத் தோளை நகர்த்த ஒருவர். நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்க இன்னொருவர். இந்த நேரத்தில் மேல்வயிற்றை அமுக்கவே கூடாது. அது சிக்கிய தோளை எலும்பில் இன்னும் இறுக்கும். ஆனாலும் அமுக்கும் பழக்கம் நம் பிரசவ அறைகளை விட்டு முற்றாகப் போய்விடவில்லை. பிரிட்டனின் பிரிஸ்டலில் ஒரு மருத்துவமனை, மருத்துவர்களையும் செவிலியர்களையும் சேர்த்து பொம்மையை வைத்து ஆண்டுதோறும் பழக்கியது. தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தது. வாங்க வேண்டியது ஒரு பொம்மை, ஒதுக்க வேண்டியது ஒரு நாள். தாலுகா மருத்துவமனைகளாலும் முடியும்.

காயம் நேர்ந்துவிட்டால் காலம் முக்கியம். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்காத குழந்தையை நரம்பு அறுவை நிபுணர் பார்த்தாக வேண்டும். “தானா சரியாயிடும்” என்று காத்திருந்தே பல குடும்பங்கள் அந்த வாய்ப்பை இழக்கின்றன. பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தை எப்படியும் வருகிறது. ஊசி போடும் கிராம சுகாதார செவிலியர் இரண்டு கைகளும் ஒன்றுபோல் மடங்குகின்றனவா என்று பார்த்து, அட்டையில் குறிக்கச் சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும்.