நைட்டெக் வரியை அழிக்காதீர்கள்

கல்வியில் எந்தப் படியில் நின்றவருக்கும் சாங்கி வட்டாரத்தில் ஒரு வேலை இருக்கிறது. சிமெய்யில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் கிழக்குக் கல்லூரி 2005 முதல் இயங்குகிறது. அப்பர் சாங்கி ரயில் நிலையத்தை ஒட்டிய வளாகத்துக்குச் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் 2015இல் குடிவந்தது. எக்ஸ்போ பக்கம் போனால் வங்கிகளின் கணினிப் பிரிவுகள் இயங்கும் சாங்கி வர்த்தகப் பூங்கா. இன்னும் கிழக்கே விமான நிலையம், விமானப் பராமரிப்புக் கூடங்கள், 2025 மே 14 அன்று கட்டுமானம் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் முனையம். இத்தனை இடங்களிலும் தமிழர்கள் வேலை பார்க்கிறார்கள். இன்னும் பலர் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களின் ரெஸ்யூமேயில் கல்விக்கு ஒதுக்கப்படும் இடம் மூன்று நான்கு வரிதான். ஆனால் உண்மை அதிகம் அடிபடுவது அந்த வரிகளில். பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் வாங்கிய இளைஞர், தாம் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நைட்டெக் சான்றிதழ்ப் படிப்பை முடித்ததைச் சொல்லும் வரியை நீக்கிவிடுகிறார். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானத் துறைக்கு வந்தவர், தம் பி.இ. பட்டத்தையே சொல்லாமல் விடுகிறார். மூன்றாமவர், அரியர் பாக்கியிருக்கும் படிப்பைப் பட்டமென்றே எழுதிவிடுகிறார். இருவர் குறைத்துச் சொல்கிறார்கள், ஒருவர் கூட்டிச் சொல்கிறார். மூவரையும் ஆட்டுவிப்பது ஒரே பயம்: படித்ததைப் படித்தபடி சொன்னால் எடுக்கமாட்டார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், ரெஸ்யூமே எழுதும் முறையை மட்டும் பாடமாக நடத்துவது நியாயமாகாது.

அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் படிப்பின் வேகத்துக்கேற்ப வெவ்வேறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். பாதியில் பள்ளியைவிட்டு நின்றுபோகும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நோக்கம். அது பெருமளவு நிறைவேறியது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் விரைவுநிலை, வழக்கநிலை, 1994 முதல் வழக்கநிலை (தொழில்நுட்பம்) என்ற பெயர்கள் வகுப்பறையோடு நிற்கவில்லை. உறவினர் வீட்டு விருந்திலும் வேலைக்கான நேர்காணலிலும் கூடவே வந்தன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களுக்கு இந்தப் பிரிவுகள் இல்லை. 2027 முதல் எல்லாருக்கும் ஒரே பொதுச் சான்றிதழ்தான். அரசாங்கமே பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டது. இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களின் சான்றிதழ்களிலோ அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அவர்கள் ஒரு வரியை அழிக்க நினைப்பதில் எனக்கு வியப்பில்லை.

வியப்பில்லை என்றாலும் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சாங்கியிலேயே காட்டமுடியும்.

விமானப் பராமரிப்புத் துறையை எடுத்துக்கொள்வோம். பழுதுபார்த்த விமானம் மீண்டும் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் பொறுப்பு உரிமம் பெற்ற விமானப் பொறியாளருடையது. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் எஸ்ஏஆர்-66 விதிகளின்கீழ் அந்த உரிமம் வழங்கப்படுகிறது. இயந்திரப் பிரிவுக்கு பி1, மின்னணுவியல் பிரிவுக்கு பி2 என வகைகள் உண்டு. அதற்கான தேர்வுகளில் தேறவேண்டும், விமானத்தில் கைவைத்து வேலை செய்த அனுபவத்தைக் காட்டவேண்டும். பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அந்தக் கையெழுத்தைப் போடமுடியாது. நைட்டெக்கில் தொடங்கி, டிப்ளோமா முடித்து, கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே உரிமத் தேர்வுகளை எழுதியவர் போடலாம். அப்படிப்பட்டவர் தம் ரெஸ்யூமேயில் எதை முதலில் எழுதுவார்? உரிமத்தையும் அதன் வகையையும், எந்தெந்த விமான ரகங்களில் பயிற்சி பெற்றார் என்பதையும் எழுதுவார். கல்வி அதன் கீழே வரும், கடைசியாகப் படித்தது மேலே இருக்க. அந்த வரிசையின் அடியில் நைட்டெக் இருக்கவேண்டும் என்பதே என் வாதம். பதினேழு வயதிலேயே இவர் கருவியைக் கையில் எடுத்தவர் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். பராமரிப்புக் கூடத்து மேலாளருக்கு அதைவிட நல்ல அறிமுகம் தேவையில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது பலவீனமானதும் அல்ல. உயர்ந்தபட்சத் தகுதியை மட்டும் எழுது, கீழே உள்ளதை விடு என்பார்கள் வேலைவாய்ப்பு ஆலோசகர்கள். தொடக்கப்பள்ளித் தேர்வு முடிவையும் உயர்நிலைப்பள்ளியின் பெயரையும் விட்டுவிடச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். முப்பது வயதுக்காரரின் பிஎஸ்எல்இ மதிப்பெண் யாருக்கும் எதையும் சொல்லப்போவதில்லை. ஆனால் நைட்டெக்கும் உயர் நைட்டெக்கும் டிப்ளோமாவும் தொழில் கற்ற ஆண்டுகள். அவற்றை எடுத்துவிட்டால் பெரிய இடைவெளி விழுகிறது. இருபத்தெட்டு வயதில் பட்டம் வாங்கியதாக ஒரு வரி மட்டும் இருந்தால், அதற்குமுன் என்ன செய்தார் என்று படிப்பவர் ஐயப்படுவார். நைட்டெக், தேசிய சேவை, உயர் நைட்டெக், டிப்ளோமா, பிறகு வேலை பார்த்தபடியே பட்டம் என்று ஆண்டுகளோடு வரிசையாக எழுதினால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வேறு யாரும் பரிந்துரை எழுதித் தரவேண்டாம், அவருடைய விடாமுயற்சிக்கு அந்த ஆண்டுகளே சாட்சி. 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட முன்னேற்ற விருதின்படி, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தேறிய, 30 வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரர் டிப்ளோமா படிப்பில் சேரும்போது 5,000 வெள்ளியும், முடித்ததும் மத்திய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளியும் பெறுகிறார். ஏறிவந்த வழிக்கு நாடே பணம் கொடுக்கும்போது அதை ரெஸ்யூமேயில் மறைப்பானேன்?

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்போர் நிலைமை வேறு. அவர்களுக்குக் கல்வி வரி என்பது குடிநுழைவோடு நேரடியாகப் பிணைந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் உயர்நிலைப் பணிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள், சம்பளத் தகுதியோடு 'காம்பஸ்' எனப்படும் புள்ளி முறையிலும் தேறவேண்டும். 40 புள்ளிகள் தேவை. கல்வித் தகுதிக்கு அதிகபட்சம் 20. மனிதவள அமைச்சின் முன்னணிப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் என்றால் முழு 20, மற்றப் பட்டங்களுக்கு 10, பட்டத்துக்கு நிகரான தகுதி இல்லையென்றால் சுழியம். புள்ளி கேட்டுக் காட்டும் தகுதி உண்மையானதா என்று சரிபார்த்த சான்றையும் இணைக்கவேண்டும். சம்பளம் போன்ற மற்ற அளவுகோல்களிலேயே 40 வந்துவிடும் என்றால் கல்வித் தகுதியைக் காட்டாமலே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. பலருக்குத் தெரியாத செய்தி இது. தேவையே இல்லாத இடத்தில் பொய்ப் பட்டத்தை நுழைத்து மாட்டிக்கொள்பவருக்காக மனம் வருந்துகிறது. வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பொய்யே சொல்லாதவர்களும் இந்தச் சரிபார்ப்பில் தடுமாறுகிறார்கள். முதல் காரணம் நம் பெயர். கல்லூரிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்து பின்னால் ஒட்டிக்கொண்ட இன்னொரு பெயர். தமிழருக்கு இரண்டும் ஒரே ஆள். சரிபார்க்கும் நிறுவனத்தின் கணினிக்கு அப்படியில்லை. ரெஸ்யூமேயின் தலைப்பில் கடவுச்சீட்டுப் பெயரை எழுதுங்கள். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் கல்விப் பகுதியிலேயே அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பட்டம் கொடுத்தது யார் என்பது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. படித்தது கல்லூரியில், பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம். கல்லூரிப் பெயரை மட்டும் எழுதினால் சரிபார்ப்பவர் கல்லூரிக்குக் கடிதம் போட்டுக் காத்திருப்பார். பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில், கல்லூரி அடுத்து, சான்றிதழில் அச்சாகியுள்ள பட்டத்தின் பெயர், பட்டம் கிடைத்த ஆண்டு. தொலைநிலைக் கல்வி என்றால் தொலைநிலை என்றே எழுதுங்கள், அதில் இழுக்கு எதுவுமில்லை. மதிப்பெண் சராசரி 10க்கு 7.6 என்றால் அப்படியே எழுதுங்கள். நீங்களாகச் சதவீதமாக மாற்றினால் சான்றிதழில் இல்லாத ஓர் எண் உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கும்.

அரியர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டும். எட்டு செமஸ்டரும் உட்கார்ந்து படித்தேன், இரண்டு தாள்தானே பாக்கி என்று நினைப்பது இயல்பு. பட்டம் கிடைக்கவில்லை என்றால் பட்டம் இல்லை. படித்த ஆண்டுகளைக் குறிப்பிட்டு, இன்னும் பட்டம் பெறவில்லை என்று சேர்த்து எழுதலாம். அப்படி எழுதியதால் ஒரு வேலை கை நழுவக்கூடும். மறைத்து எழுதிப் பின்னால் தெரியவந்தால் வேலையோடு அனுமதியும் போய்விடும்.

இனி, என்னை அதிகம் வாட்டும் பகுதி. கட்டுமானத் தளங்களில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நம் தம்பிகளில் டிப்ளோமாக்காரர்களும் பி.இ. முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஊரில் 'டெஸ்ட் அடித்து' வந்தவர்கள். கம்பி கட்டுதல், பலகை அடைத்தல், குழாய் வேலை என்று ஏதேனும் ஒன்றில் திறன் தேர்வு எழுதித் தேறினால் போதும், அந்தச் சீட்டுக்குப் பட்டம் தேவையில்லை. சிங்கப்பூர் அந்தத் திறனுக்கு விலையும் வைத்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் உயர்திறன் ஊழியர் ஒருவருக்கு முதலாளி செலுத்தும் மாதத் தீர்வை 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900. இவர் பட்டதாரியா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. அதிகம் படித்தவன் நிலைக்கமாட்டான் என்று முதலாளி நினைப்பார், ஆகவே படிப்பைச் சொல்லாதே என்று ஏஜெண்டும் கூட வேலை பார்ப்பவர்களும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவரும் சொல்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸில் மேற்பார்வையாளர் வேலைக்கு முயலும்போது அந்தப் படிப்பு திடீரென்று ரெஸ்யூமேயில் முளைக்கிறது. இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

தம்பி, முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். கேட்ட இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து இங்கே படித்த பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சியும் கல்விதான். தேக்காவில் நண்பர்கள் கூடியிருந்த நேரத்தில் நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள். அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், பயிற்சி முடித்த தேதியோடு.

படித்த படிப்பு அங்கீகாரமின்றி நிற்பது இத்தீவுக்குப் புதிதல்ல. 1956இல் வகுப்புகளைத் தொடங்கிய நன்யாங் பல்கலைக்கழகத்தின் பட்டங்களை அரசாங்கம் 1968 வரை அங்கீகரிக்கவில்லை. சீனச் சமூகம், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர்கள் உட்பட, காசு போட்டு எழுப்பிய கல்விக்கூடம் அது. தமிழ்வழிக் கல்வி தந்த கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் இன்று அறுபதை நெருங்கியும் கடந்தும் இருக்கிறார்கள், பலர் இன்னும் வேலை தேடுகிறார்கள். பள்ளியின் பெயரை முழுதாக எழுதுங்கள் ஐயா. மூடப்பட்டது பள்ளி, உங்கள் படிப்பு அல்ல.

வேலை கொடுப்பவர்கள் பக்கம் வருவோம். மனிதவள அமைச்சின் ஆய்வில், 2023இல் இருந்த வேலைக் காலியிடங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்குக் கல்வித் தகுதி முதன்மை அளவுகோல் அல்ல என்று முதலாளிகளே சொல்லியிருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் வேலை விளம்பரங்களைப் புரட்டினால், ஓராண்டில் வேலையிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய பணிக்கும் பட்டம் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், பாலினம், குடியுரிமை, உடற்குறை முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது. கல்விப் பின்னணி அதில் இல்லை. வேலைக்கேற்ற தகுதியைக் கேட்கும் உரிமை முதலாளிக்கு வேண்டும் என்பதால் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதும் எளிதல்ல. ஆகவே பொறுப்பு மனிதவள மேலாளரின் மேசைக்கு வருகிறது.

அந்த மேசையில் இருப்பவர்களிடம், குறிப்பாக அங்கே இருக்கும் தமிழர்களிடம், நான் கேட்பது இரண்டு. விளம்பரத்தில் பட்டம் என்று போடுமுன், இந்த வேலைக்கு அது எதற்கு என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், எழுத வரவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் நைட்டெக் என்ற வரியைக் கண்டால் ரெஸ்யூமேயை மூடிவிடாமல் அதற்கு மேலுள்ள வரிகளையும் அவற்றின் ஆண்டுகளையும் படித்துவிட்டு, அந்த விண்ணப்பதாரரை நேர்காணலுக்கு அழையுங்கள்.