கழுதைக்குத் தடை, பெட்ரோலுக்கு இல்லை!



டி.வி.யில் சண்டைச் செய்தி வந்தாலே எங்க வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான். "துப்பாக்கி எதுக்கு? வியாபாரத்தை நிறுத்தினா தானா வழிக்கு வருவான்!" மளிகைக் கடைக்காரர் கடன் தர மாட்டேன் என்றால் நாம் வழிக்கு வருகிறோமே, அப்படியாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், எதை நிறுத்துகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

1935-ல் இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியாவைப் பிடிக்கக் கிளம்பினார். மாதக்கணக்கில் சூயஸ் கால்வாய் வழியே கப்பல் கப்பலாகப் படை போனது. உலகமே வேடிக்கை பார்த்தது. அக்டோபர் 3-ல் படையெடுப்பு. ஐ.நா. சபைக்கு முன்னால் இருந்த சர்வதேச சங்கம் நவம்பர் 18-ல் பொருளாதாரத் தடையை அமலுக்குக் கொண்டு வந்தது. ஆயுதம், கடன், ரப்பர் எதுவும் இத்தாலிக்குக் கிடையாது. குதிரை, கழுதை, ஒட்டகம் கூட விற்கக் கூடாது. பெட்ரோல் மட்டும் பட்டியலில் இல்லை! லாரியும் விமானமும் கழுதையாலா ஓடுகின்றன?

பெட்ரோலையும் சேர்க்கலாம் என்று யோசனை வந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார்கள். சங்கத்தில் சேராத அமெரிக்கா விற்றுவிடுமே என்று ஒரு சாக்கு. முசோலினி நம் மேல் பாய்ந்துவிடுவாரோ என்று பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பயம். சூயஸ் கால்வாயையும் மூடவில்லை.

கஷ்டம் வந்தால் இத்தாலி ஜனங்கள் முசோலினியைத் திட்டுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, நடந்தது தலைகீழ். அந்த டிசம்பர் 18-ல், நாட்டுக்காகப் பெண்கள் எல்லாம் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ராணி எலெனாவே முதலில் கொடுத்தார். ரோம் நகரில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் மோதிரங்கள். பதிலுக்கு ஒரு இரும்பு வளையம்! நம்மிடம் தாலியைக் கேட்ட மாதிரி இல்லையா? மனசாரக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்துவிட்டாளே என்று கொடுத்தவர்கள் எத்தனை பேர், யார் கண்டது?

எத்தியோப்பிய மக்கள் மேல் விஷவாயு கூடப் போட்டார்கள். 1936 மே 5-ல் தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூலையில் தடையையும் எடுத்துவிட்டார்கள்.

2022-லும் கிட்டத்தட்ட இதே கதைதான். உக்ரைன் எல்லையில் ரஷ்யா படையைக் குவித்தபோதே, "உள்ளே நுழைந்தால் கடுமையான தடை" என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் எச்சரித்தன. பிப்ரவரி 24-ல் ரஷ்யா நுழைந்தே விட்டது. பேங்க் பணத்தையெல்லாம் சீக்கிரம் முடக்கினார்கள். ஆனால், கப்பலில் வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயை ஐரோப்பிய யூனியன் நிறுத்தியது டிசம்பர் 5-ல்தான். ரஷ்யாவுக்குப் பெரிய வரும்படியே எண்ணெயும் கேஸும்தானே? குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் அடுப்பு எரிக்கவும் அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. அந்த ஊர் இல்லத்தரசிகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம் நாடும் மலிவாகக் கிடைக்கிறது என்று ரஷ்ய எண்ணெயை வாங்கியதே!

இதையெல்லாம் சொன்னால், "அப்ப சண்டைதான் போடணுங்கிறியா?" என்று மடக்குகிறார் இவர். அப்படிச் சொல்லவில்லை. படை கப்பல் ஏறும்போதே பெட்ரோலை நிறுத்தியிருக்கணும், அதனால் நம் வீட்டில் விலை ஏறினாலும் பொறுத்துக்கணும், அதுக்கு நீங்க தயாரா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.