வேலிக்கருவையை யார் ஆராய்வது?

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழி வழியாக நரிக்குடி, வீரசோழன் பக்கம் போகிறவர்கள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவை. தரிசில் வேலிக்கருவை, கண்மாய்க்குள் வேலிக்கருவை, குண்டாற்றுப் படுகையிலும் அதுதான். அரசாங்கக் காகிதத்தில் சீமைக்கருவேல் என்று எழுதுகிறார்கள். இந்த மரத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை இல்லை. வேர் 175 அடி ஆழம் போகும். காயைத் தின்ற மாடு மலடாகும். காமராஜர்தான் கொண்டுவந்தார். இல்லையில்லை, வெள்ளைக்காரன் சதி செய்து தூவினான். டீக்கடையிலும் இதே பேச்சு. நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு.

சகோதரர்களே, இதில் எது உண்மை? யார் அளந்தார்கள்? எந்த ஊரில் அளந்தார்கள்?

அந்த 175 அடியை எடுத்துக்கொள்வோம். இது முழுப் பொய்யல்ல. அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள வேர் ஒன்று கிடைத்தது. அதைப் பற்றிய சிறு குறிப்பு 1963-ல் ஓர் அறிவியல் இதழில் வந்தது. அன்றைக்கு அந்த மரத்துக்கும் நம் வேலிக்கருவைக்கும் ஒரே அறிவியல் பெயரை வைத்திருந்தார்கள். பின்னால் வந்த தாவரவியல் அறிஞர்கள் அரிசோனா மரம் வேறு இனம் என்று பிரித்துவிட்டார்கள். எங்கோ ஒரு பாலைவனத்தில், வேறொரு மரத்தின் ஒற்றை வேர்! அது கடல் கடந்து வந்து நம் ஊர் மரங்கள் அத்தனைக்கும் அளவுகோல் ஆகிவிட்டது. செய்தி வந்தது, திருத்தம் வரவில்லை.

வரலாற்றுக்கும் இதே கதிதான். இந்த மரம் இந்தியாவுக்கு வந்த விவரம் காகிதத்தில் இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி கேட்டதன் பேரில் ஜமைக்கா தீவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் 1877-ல் நட்டார்கள். காமராஜர் முதலமைச்சரானது 1954-ல்! எழுபத்தேழு வருட இடைவெளி. வறட்சிப் பகுதிக்கு விறகு வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். இனி கேட்க வேண்டிய கேள்வி வேறு. கமலாபுரத்தில் இருந்த மரம் திருச்சுழிக் கண்மாய்க்குள் எந்த ஆண்டு வந்தது? யார் உத்தரவில் விதைத்தார்கள்? வனத்துறைக் கோப்புகளையும் தாலுகா ஆவணங்களையும் வாசித்து, ஊர்ப் பெரியவர்களிடம் வாய்மொழி கேட்டு எழுத வேண்டிய சரித்திரம் இது. வரலாறு படித்த ஒரு மாணவருக்கு முனைவர் பட்டத்துக்குப் போதுமான தலைப்பு.

தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது. இதை நம்மூரில் மைக் பிடித்துப் பேசினோம். எத்தியோப்பியாவில் உட்கார்ந்து அளந்தார்கள். அஃபார் என்ற வறண்ட பகுதியில் மரத்தண்டில் கருவி பொருத்தி, உள்ளே ஏறும் நீரோட்டத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு மரம் சராசரியாக நாளொன்றுக்கு 7 லிட்டர் நீரை இழுக்கிறது. கேட்பதற்குச் சிறிய கணக்குதான். ஆனால் மரங்களின் எண்ணிக்கையால் பெருக்கியபோது, அந்தப் பகுதியில் மட்டும் ஆண்டுக்கு 300 கோடி கனமீட்டருக்கு மேல் என்று வந்தது. இது 2021-ல் வெளியான ஆய்வு. காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்பதுதான் தலைகீழ். மரம் மண்ணின் ஈரத்தை எடுத்து இலை வழியாகக் காற்றுக்குக் கொடுக்கிறது. நம் ஊரில் ஆண்டு மழையே சுமார் 800 மில்லிமீட்டர்; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசலில் இந்த மரம் எவ்வளவு குடிக்கிறது, செவலில் எவ்வளவு, கண்மாய்க்குள் எவ்வளவு என்று அஃபார் கணக்கு நமக்குச் சொல்லாது. இங்கே அளந்தால்தான் தெரியும்.

கோர்ட்டுக்குப் போன ஆடு

கென்யா நாட்டில் பரிங்கோ ஏரிக்கரையில் இல்சாமுஸ் என்று ஒரு மேய்ச்சல் சமூகம். இந்த மரத்தை எங்கள் நிலத்தில் கொண்டுவந்து நட்டது உங்கள் திட்டம்தானே என்று 2006-ல் வழக்குப் போட்டார்கள். சாட்சியாக எதைக் கொண்டுபோனார்கள் தெரியுமா? பல் போன ஓர் ஆட்டை! இனிப்பான காயைத் தின்று தின்று, அது பல்லிடுக்கில் ஒட்டி, பல் சொத்தையாகி விழுந்துவிட்டது. எழுத்தறிவு குறைந்த மக்கள் என்று நாம் நினைப்பவர்கள் ஆதாரத்தோடு நீதிமன்றப் படி ஏறினார்கள்.

பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்கில் கால்நடை மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். காயையே முக்கியத் தீவனமாக நீண்ட நாள் தின்ற மாடுகளின் தாடை தொங்குகிறது, முகம் கோணுகிறது. காயில் உள்ள ஒரு நச்சுப்பொருள் மூளையின் நரம்பணுக்களைத் தாக்குகிறது என்று நிறுவினார்கள். அளவோடு கலந்து கொடுத்தால் அதே காய் நல்ல தீவனம். இந்த இரண்டு செய்தியும் வீரசோழன் சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் மனிதருக்குத் தெரிய வேண்டியவை.

மருத்துவமும் இதில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஒன்பது கிராமங்களை எடுத்து, சிலவற்றில் இந்த மரத்தின் பூத்த கிளைகளை மட்டும் வெட்டினார்கள். மலேரியா கொசுவின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. கொசுவுக்கு ரத்தம் மட்டும் போதாது. பூவின் சர்க்கரையும் வேண்டும். 2017-ல் வெளியான முடிவு இது. வருஷம் பூராவும் வேலிக்கருவை பூக்கும் நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதே 2017-ல் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டது. மாவட்டம் மாவட்டமாக ஜே.சி.பி. இறங்கியது. இதற்கு அறிவியல் ஆய்வு எங்கே என்று ஒருவர் சென்னையில் வழக்குத் தொடுக்க, சில மாதங்களில் இடைக்காலத் தடை வந்தது. பிறகு தடை விலகியது. அயல் தாவரங்களுக்கென்று தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது 2022-ல்! முதலில் வெட்டு, பிறகு தடை, கடைசியில் கொள்கை. வேலை நடந்த வரிசையைப் பாருங்கள்.

மரம் போகட்டும் என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்தும். கண்மாய்க்குள் அது நிற்கக் கூடாது. ஆனால் திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் சொந்த நிலம் இல்லாத எத்தனை குடும்பங்களுக்கு விறகு வெட்டும் கரிமூட்டமும் சோறு போடுகின்றன? மழை பொய்த்த வருஷத்தில் விவசாயியையும் அதுதான் தாங்குகிறது. எந்த இடத்தில் முதலில் எடுப்பது, எடுத்த இடத்தில் என்ன வைப்பது, மூட்டம் போடுகிறவருக்கு மாற்று என்ன? இதற்குத் தாவரவியல் மட்டும் போதாது. பொருளாதாரம் வேண்டும், கணக்கு வேண்டும், அந்த மனிதரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த சமூகவியல் வேண்டும்.

நம் வாசலில் ஆராய்ச்சியே இல்லை என்று சொல்ல முடியாது. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.பி.கே. 1 துவரையும் சீத்தாப்பழ ரகமும் அங்கே பிறந்தவை. ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டையின் பெயர்தான். அந்தக் கேட்டைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் நம் பிள்ளைகள் தினமும் கல்லூரிக்குப் போகிறார்கள். எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

பறித்தது யார்?

சச்சார் குழு 2006-ல் கொடுத்த அறிக்கையை மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை படிப்போரில் 25 பேருக்கு ஒருவர், முதுகலையில் 50 பேருக்கு ஒருவர் மட்டுமே முஸ்லிம். படி ஏற ஏற ஆள் குறைகிறது. அதற்குப் பரிகாரமாக 2009-ல் வந்ததுதான் மவுலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை. முஸ்லிம்களுக்கு மட்டுமல்ல, கிறிஸ்தவர், சீக்கியர், பவுத்தர், சமணர், பார்சி என ஆறு சிறுபான்மைச் சமூகத்தாருக்கும். அறிவியல், மானுடவியல், பொறியியல் எந்தத் துறையானாலும் கிடைத்தது. 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வானார்கள், 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. இது அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. அதைச் சொன்ன 2022 டிசம்பரில்தான், அந்த ஆண்டிலிருந்து திட்டமே இல்லை என்றும் சொன்னார்கள்!

காரணம் என்ன சொன்னார்கள்? வேறு உதவித்தொகைகளோடு இது மேற்படிகிறதாம். ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க விதியே இல்லை. அப்படியிருக்க மேற்படிவு எங்கிருந்து வந்தது? பல வாசல் இருந்த வீட்டில் ஒரு வாசலை அடைத்துவிட்டு, மற்ற வாசல் திறந்துதானே இருக்கிறது என்கிறார்கள். ஏற்கெனவே தேர்வானவர்களுக்குக் காலம் முடியும் வரை தருவோம் என்றார்கள். அவர்களுக்கும் மாதக்கணக்கில் பாக்கி விழுந்ததை 2025-ல் நாளிதழ்கள் எழுதின. யாருடைய பெயரை வைத்த திட்டம் இது? கரக்பூர் ஐ.ஐ.டி. தொடங்கிய 1951-லும், பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய 1953-லும் நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர் பெயர்.

அரசைக் கேட்கும் அதே வாயால் நம்மையும் கேட்டாக வேண்டும். மேடை ஏறினால் இப்னு சீனா, அல் குவாரிஸ்மி என்று பெருமை பேசுகிறோம். இறங்கியதும் பையன் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இன்னும் படிக்கிறேன் என்றால், "இன்னும் எத்தனை வருஷம்டா? சவூதிக்கு விசா வந்திருக்கு" என்கிறோம். பெண் பிள்ளை கேட்டால் அதுகூட இல்லை. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். மஹால் கட்ட லட்சக்கணக்கில் வசூல் ஆகிறது. ஆய்வு மாணவர் ஒருவருக்கு ஓராண்டு பஸ் செலவும் புத்தகச் செலவும் கொடுக்கும் ஜமாஅத் நம் தாலுகாவில் இருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அந்த வாசல் இன்னும் அடைபடவில்லை. உங்கள் தெருவில் முதுகலை படிக்கும் பிள்ளை யாரென்று இந்த வாரம் விசாரியுங்கள். தேர்வுக்கு விண்ணப்பித்தாயா என்று கேளுங்கள். அடுத்த முறை நாடாளுமன்ற உறுப்பினர் நம் ஊருக்கு வரும்போது மனுவில் ரோடும் விளக்கும் எழுதுங்கள்; அவற்றுக்கு மேலே முதல் வரியாக, நிறுத்திய உதவித்தொகையைத் திரும்பக் கொடு என்று எழுதுங்கள்.