கைக்கு எட்டாத பல்ப்



ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் சாட்டிக் கடற்கரைக்கு வந்து நிற்கும் வாகனங்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வான்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் பழைய கார் ஒன்றிரண்டாவது நிற்கும். மொறிஸ் மைனர், ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். பிள்ளைகள் கடலில் ஆடி, உப்பைக் கழுவி, ஈர உடுப்போடு ஏறி முடிய இருட்டிவிடும். அந்தக் கார் வேலணைப் பக்கம் திரும்பும்போது பின்னால் நின்று பார்த்தால், இரண்டு சிவப்பு லைற்றில் ஒன்றுதான் எரியும். சிலதில் ஒன்றுமே எரியாது. முன்லைற் நன்றாக எரிவதால் ஓட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை. பின்னால் சைக்கிளில் வருகிற எங்களுக்குத்தான் தெரியும்.

கார் லைற்றுக்கும் பெண்கள் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்.

இந்தக் கார்கள் ஏன் இன்னும் எங்களிடம் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது மின்சாரம் போனது, பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டன. தீவுப்பகுதிச் சனம் பெருவாரியாக இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. நோயாளியையும் ஏற்றின, மணப்பெண்ணையும் ஏற்றின, சாமான் சட்டியோடு குடும்பங்களையும் ஏற்றின. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில், கொட்டிலில் கிடந்த பழையதுகளும் மதிப்புப் பெற்று வெளியே வந்தன.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. நல்ல சேவை. ஆனாலும் இரவில் அவசரம் என்றால் தெரிந்த கார்க்காரரைக் கூப்பிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. போன மாரியில் புங்குடுதீவிலிருந்து வலி கண்ட மகளை அப்படித்தான் ஒரு தாய் கொண்டு போனார். காற்று, மழை, வைப்பர் இழுத்துக்கொண்டிருக்கிறது. வேலணை தாண்டியதும் முன்லைற் மஞ்சளாகியது. பண்ணைக் கடல்வீதியில் ஏறும்போது சிவந்து மங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கடல் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்தாராம். போதனா வைத்தியசாலைக்கு ஒருவாறு போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த நாள் பார்த்தால், ஃபான் பெல்ற் தளர்ந்து டைனமோ சுற்றவில்லை. பற்றரியில் இருந்த மின்சாரத்திலேயே கார் முழுத் தூரமும் ஓடியிருக்கிறது. அப்படி நடந்தால் சொல்வதற்கென்றே டாஷ்போர்ட்டில் ஒரு சின்னச் சிவப்பு லைற் இருக்கிறது. திறப்பைத் திருப்பினால் எரியும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். அந்தக் காரில் அது பழுதாகி இரண்டு வருடமாம். "கை போகாது தங்கச்சி, முழுக்கக் கழட்ட வேணும்" என்றார் கார்க்கார ஐயா.

நான் இந்த விடயத்துக்குள் வந்தது இப்படித்தான். பல்ப்பின் விலை பெரிதல்ல. அதற்குக் கை போகாததுதான் பிரச்சினை. கராஜில் கொடுத்தால் இவ்வளவு சின்ன வேலைக்கு அவர்களும் மினக்கெட விரும்புவதில்லை, "நாளைக்குப் பாப்பம்" என்பார்கள். 2008இல் நாட்டில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையும் புகையைத்தான் பார்க்கும், லைற்றைப் பார்க்காது. எனவே கண்ணுக்குத் தெரியாத இடத்து பல்ப் வருடக்கணக்காகச் செத்தபடியே கிடக்கும்.

சகோதரிகளே, கார் இருக்கிற வீட்டில் பிறந்தவர்களைக் கேட்கிறேன். அப்பாவோ அண்ணாவோ காரின் கீழே படுத்திருக்கும்போது ரோச் பிடித்தது யார்? "இஞ்சாலை பிடி, அங்காலை பிடி" என்று பேச்சு வாங்கியது யார்? சமூகவியல் படித்த காலத்தில் வேலைப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். எங்கள் வீடுகளில் அது ரோச்சுக்கும் ஸ்குறுட்றைவருக்கும் நடுவில் கிடக்கிறது. ரோச் பிடித்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு எத்தனை வீடுகளில் அந்த அப்பா இல்லை, அண்ணா கனடாவில். கார் மட்டும் கொட்டிலில். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு பருத்த ஆணின் கை நுழையாது. இடியப்பம் பிழிகிற எங்கள் கை நுழையும்.

கையை விடுவதற்கு முன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பிறகு பற்றரியில், காரின் உடம்போடு சேரும் வயரைக் கழற்றுங்கள். இதில் அலட்சியம் கூடாது. மொறிஸ் மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், முன்லைற்றுக்கு அதுவும் இல்லை. ஒரு காப்பு இரண்டு இடத்தில் தொட்டால் பியூஸ் போகாது, வயர்தான் பற்றும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய இந்தக் கார்களில் பெரும்பாலும் உடம்போடு சேர்வது பற்றரியின் நேர்முனை. இக்காலத்துக் கார்களில் எதிர்முனை. எல்.ஈ.டி. பல்ப் வாங்குகிறவர்கள் இதைக் கடையில் சொல்லித்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எரியாது.

மைனர் 1000 வகையில் வேகமானி நடுவில் இருக்கும். இருபக்கமும் சாமான் வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டியின் உள்கூடு அழுத்திய அட்டைதான். அதைக் கழற்றினால் வேகமானியின் முதுகுக்குக் கை போகும். மற்றக் கார்களில் பெரும்பாலும் கீழே படுத்து மேல்நோக்கிக் கையை விட வேண்டியிருக்கும். முதலில் கைத்தொலைபேசியை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பாருங்கள், எந்த வயர் எங்கே போகிறதென்று தெரியும். பல்ப் இருக்கும் கிண்ணத்தை நேரே இழுத்தால் வெளியே வரும். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பல்ப் மரை போட்டது, பழைய ரோச் பல்ப் மாதிரியே இருக்கும். ஆனால் ரோச் பல்ப்பைப் பூட்டினால் உடனே எரிந்து போகும். 12 வோல்ற், 2.2 வாற் என்று கேட்டு வாங்குங்கள். விரல் வழுக்கினால் சின்ன றப்பர் குழாய்த் துண்டொன்றை பல்ப்பின் தலையில் மாட்டித் திருகினால் வரும்.

டைனமோவைக் கழற்றிவிட்டு ஜப்பான் வாகனத்து அல்ரனேற்றர் பூட்டிய கார்களும் உண்டு. அவற்றில் அந்தச் சின்னச் சிவப்பு பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான் அல்ரனேற்றரை எழுப்பிவிடுவது. பல்ப் செத்தால் சார்ஜே ஏறாமல் போகக்கூடும். புதுப் பற்றரி வாங்கி வாங்கி அலுத்த வீட்டுக்காரர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பின்லைற்றுக்கு அவ்வளவு பாடில்லை. சிவப்பு மூடியின் திருகாணிகளைக் கழற்றி, பல்ப்பை உள்ளே அமத்தித் திருப்பினால் வந்துவிடும். பிறேக்குக்கும் பின்லைற்றுக்கும் சேர்ந்த பல்ப்பில் இரண்டு இழைகள் இருக்கும், 21 வாற்றும் 5 வாற்றும். பக்கத்திலுள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒருவழியாகத்தான் போகும். போகவில்லையென்றால் திருப்பிப் போடுங்கள், நெருக்க வேண்டாம். எங்கள் கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும், இரும்பு துருவாகும். அரைவாசிக் கார்களில் பல்ப் நல்லாகவே இருக்கும், கிண்ணம்தான் கெட்டிருக்கும். சாண்ட்பேப்பரால் உரசித் துடைத்துக் கொஞ்சம் வாஸ்லீன் பூசுங்கள். சிக்னல் போடும்போது பக்கத்து லைற் மங்கினால், அது காரின் உடம்போடு சேரும் இடத்துத் துரு. சிக்னல் துடிக்கும் வேகம் மாறினால் எங்கோ ஒரு பல்ப் போய்விட்டது.

ஏ-40 சிலவற்றில் சிக்னல் கதவுப் பக்கத்துத் தூணிலிருந்து கைபோல நீளும். அதற்குள்ளும் ஒரு குழாய் பல்ப் இருக்கிறது. சுவிச்சைப் போட்டுக் கையை நீட்டச் செய்து, விரலால் தாங்கிக்கொண்டு சுவிச்சை அணையுங்கள். நுனித் திருகாணியைக் கழற்றி மூடியை இழுத்தால் பல்ப் தெரியும். பலவந்தமாக இழுத்து முறித்தவர்கள் நிறையப் பேர்.

முன்லைற்றில் பலரும் பிழை விடுவது ஓர் இடத்தில். விளிம்பு வளையத்தைக் கழற்றியதும் மூன்று திருகாணிகள் தெரியும். அவற்றைத் திருகக் கூடாது. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று வைப்பவை அவை. திருகிவிட்டால் எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் அடிக்கும். கண்ணாடியை அப்படியே உள்ளே அமத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் துவாரத்தால் கழன்று வரும். பின்னாலுள்ள மூடியையும் அமத்தித் திருப்பினால் பல்ப் வெளியே வரும். அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், அது பொருந்துகிற இடம் ஒன்றுதான். ஹலஜன் பல்ப் என்றால் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடியுங்கள்.

வெளிச்சம் போதாதென்று 100 வாற் பல்ப் போடுகிற இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு 100 வாற் என்றால் 17 அம்பியர். பழைய டைனமோ தருவதே 20 அளவுதான். மழையில் வைப்பரும் ஓட வேண்டுமே! பண்ணையில் வெளிச்சம் சிவந்தால் பிறகு யாரைக் கேட்பது? மங்கல் என்றால் உள்ளே வெள்ளிப்பூச்சு போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் உதவிக்கு ஆள் தேட வேண்டாம். இருட்டிய பின் காரின் பின்பக்கத்தை வீட்டு வெள்ளைச் சுவருக்குக் கிட்ட நிறுத்தி, பிறேக்கை அமத்திக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு சிவப்பு விழ வேண்டும். வாடகைக்குக் கார் பிடிக்கிற சகோதரிகளும் ஏறுவதற்கு முன் பின்னால் ஒரு நடை போய்ப் பார்க்கலாம், ஐயாமார் கோபிக்க மாட்டார்கள்.

கழற்றிய பழைய பல்ப்பை எறிந்துவிடாதீர்கள். யாழ்ப்பாணம் போகும்போது மாதிரிக்குக் காட்டி வாங்கலாம். ஒவ்வொரு வகையிலும் ஒன்று மேலதிகமாக வாங்கி, பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு, சின்னக் கண்ணாடியும் ஸ்குறுட்றைவரும் ரோச்சும் சேர்த்துக் காரின் ஆசனத்துக்குக் கீழே வைத்துவிடுங்கள். சைக்கிள் டைனமோ லைற் பற்றிக் கேட்டிருந்த சகோதரிகளுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.