அச்சாரம் வருமானம் ஆகாது

அச்சாரம் வாங்கினவன் கடன்காரன். நம்ம ஊர் தையல்காரருக்கு இது நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஒளிந்துகொள்கிறாரே, அவர்கூட தான் கடன்பட்டவன் என்று தெரிந்துதான் ஒளிகிறார் :-) இந்தத் தெளிவு, 'குரோத், குரோத்' என்று பேசுகிற பெரிய படிப்பாளிகளுக்கு இல்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் புனேயில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய செலவு இரண்டு. ஒன்று வீடு, இன்னொன்று பிள்ளைகள் படிப்பு. இங்கே விசாரிக்க சொந்தபந்தம் கிடையாது, தெரிந்த வாத்தியார் கிடையாது. ரேங்க் வாங்கின பசங்க போட்டோ போட்ட போர்டை நம்பி, இரண்டு வருஷ கோச்சிங் ஃபீஸை மொத்தமாகக் கட்டுகிறோம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி வேறு!

கட்டின அந்தப் பணம் யாருடையது? இதுதான் கேள்வி.

கணக்கியல் சொல்வது ரொம்ப எளிது. 24 மாத வகுப்புக்கு 2,40,000 ரூபாய் வாங்கினால் (வரியை விட்டுவிடுவோம்), முதல் மாத முடிவில் வருமானம் 10,000 மட்டுமே. மீதி 2,30,000 பொறுப்புப் பக்கத்தில், அதாவது கடனாக நிற்க வேண்டும். பாடம் நடத்த நடத்தத்தான் அது வருமானமாக மாறும். பெரிய கம்பெனிகளுக்கு 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏஎஸ் 115 என்ற தரநிலையின் சாரமும் இதுதான்.

இதை மீறினால் என்ன ஆகும்? பைஜூஸ் கதையைப் பாருங்கள். பல வருஷத்துக்கான சந்தா வருமானத்தை வருஷங்களுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று தணிக்கையில் வந்தது. 2020-21 கணக்கு மாதக்கணக்கில் தாமதமாகி 2022 செப்டம்பரில்தான் வெளியானது. நஷ்டம் 4,588 கோடி ரூபாய். நஷ்டத்துக்கு அந்த மாற்றம் மட்டும் காரணமில்லை, கண்மூடித்தனமான செலவும் காரணம். ஆனால் வருமானம் பெரிதாகத் தெரிகிறபோதுதானே செலவு செய்யத் தைரியம் வருகிறது? அந்த இடைவெளியில்தான் அடுத்தடுத்து கம்பெனிகளை வாங்கிக் குவித்தார்கள். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளது என்று கொண்டாடப்பட்ட நிறுவனத்தின் மேல் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

சரி, கணக்கில் ஒழுங்காக எழுதிவிட்டால் போதுமா? போதாது சார். புத்தகத்தில் 2,30,000 கடன் என்று இருக்கும். பேங்கிலோ 2,40,000 ரொக்கமாக இருக்கும். முதலாளி எதைப் பார்ப்பார்? பேங்க் பாஸ்புக்கைத்தான். புது ஊரில் புது கிளை, முழுப் பக்க விளம்பரம் என்று பணம் கிளம்பிவிடும்.

இதற்கு நிதி நிர்வாகப் பாடத்தில் பாராட்டு வேறு. வாடிக்கையாளர் காசிலேயே, வட்டி இல்லாமல் தொழில் நடத்துவது சாமர்த்தியமாம். சூப்பர் மார்க்கெட்டுக்கு அது சரி. இன்று சோப்பு விற்ற காசு கையில் வரும், சப்ளையருக்கு ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் போதும், அதற்குள் இன்னும் சோப்பு விற்றிருக்கும். கோச்சிங் அப்படியா? இந்த வருஷ பிள்ளைகள் கட்டிய பணத்தில் போன வருஷ பிள்ளைகளின் வாத்தியாருக்குச் சம்பளம். ஒரு வருஷம் அட்மிஷன் குறைந்தால் சம்பளம் நிற்கும், வாத்தியார் போய்விடுவார், அப்புறம் கதவில் பூட்டு. 2025 ஜனவரியில் டெல்லி, நொய்டா, காஜியாபாத் பக்கம் ஃபிட்ஜி மையங்கள் பல மூடப்பட்டபோது, முன்கூட்டியே ஃபீஸ் கட்டிய பெற்றோர் போலீஸ் ஸ்டேஷனில் புகாரோடு நின்றார்கள்.

"முன்பணம் இல்லாம பிசினஸ் எப்படிண்ணே வளரும்?" என்று ஆபீஸில் எம்பிஏ படித்த தம்பி ஒருவர் கேட்டார். தாராளமாக வளரட்டும் தம்பி. சொந்த முதலில் வளரட்டும், இல்லை பேங்கில் கடன் வாங்கி வளரட்டும். பேங்க்காரன் வட்டி கேட்பான், ஜாமீன் கேட்பான், கணக்கைப் புரட்டிப் பார்ப்பான். நாம் மட்டும் வட்டியில்லாமல், ஜாமீனில்லாமல், "சீட் கிடைச்சுதே" என்று நன்றியும் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கடன் கொடுப்பவர்களிலேயே இளிச்சவாயர்கள் நாம்தான்.

வீட்டு விஷயத்தில் இந்தப் பாடத்தை நாடு ஏற்கெனவே படித்துவிட்டது. வீடு வாங்கியவர்கள் கொடுத்த பணத்தை வேறு பக்கம் திருப்பிய ஆம்ரபாலி வழக்கில் 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் பதிவையே ரத்து செய்தது. 2016-இல் வந்த ரேரா சட்டப்படி, வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதம் தனி பேங்க் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானம் நடந்த அளவுக்குத்தான், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்த பிறகுதான் எடுக்க முடியும். கணக்கியல் தத்துவத்துக்கு ஒரு பூட்டு போட்டார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் படிப்புக்கு ஏன் அந்தப் பூட்டு இல்லை? 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான ஃபீஸை 10 நாளில் திருப்பித் தர வேண்டுமாம். நல்ல விஷயம். ஆனால் கல்லா காலியானவனிடம் திருப்பித் தா என்றால் எதைத் தருவான்? திருப்பித் தரும் விதி மட்டும் போதாது, பணம் செலவாகாமல் தடுக்கும் விதி வேண்டும். நடத்திய பாடத்துக்கு ஏற்ப மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் தனிக் கணக்கு வேண்டும். நேர்மையாக நடத்துபவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

அது வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். தள்ளுபடி என்றால், எதற்காக இவருக்கு இவ்வளவு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது என்று யோசியுங்கள். ஃபீஸுக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் லோன் போட்டுத் தருகிறோம் என்றால் இன்னும் உஷார். மையத்துக்கு மொத்தப் பணமும் அன்றே போய்விடும். வகுப்பு நின்றாலும் உங்கள் இஎம்ஐ தானாக நிற்காது. மாதாமாதம் வாங்க முடியாது என்கிறாரா? வேறு இடம் பாருங்கள். அவருக்குத் தேவை மாணவன் அல்ல, முதலீட்டாளர்.