முதல் எண்ணைப் பாருங்கள்!

சேலத்திலிருந்து எங்கள் ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு வருமுன் எச்சரிக்கைப் பலகை வரும். மென்பொருளில் அந்தப் பலகை, வெர்சன் எண்ணின் முதல் இலக்கம்.

புரோகிராமின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தரும் ஜாவா லைப்ரரி, கூகுளின் 'ஜூஸ்'. 2023-ல் அதன் 6.0, 7.0 பதிப்புகள் வந்தன. 'ஜாவாஎக்ஸ்' என்ற பழைய பெயர்களையும் 'ஜகார்த்தா' என்ற புதிய பெயர்களையும் 6.0 ஏற்கும், 7.0 புதியவற்றை மட்டுமே ஏற்கும். பழைய பெயர்களில் எழுதிய புரோகிராம் அதில் சரியாக இயங்காது. பழையதைக் கைவிடுமுன் இப்படி ஒரு பாலம் போட்டுத் தருவதே நியாயம் என்பது என் கருத்து.

எல்லா மென்பொருளிலும் இந்தப் பாலம் கிடைக்காது. உங்கள் கணக்கு மென்பொருள் 5.2-லிருந்து 5.3 ஆனால் பெரும்பாலும் பயமில்லை. 6.0 என்று வந்தால் முதலில் ஃபைல்களை பேக்கப் எடுங்கள். பிறகு ஓகே கொடுங்கள். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்!