ரேடியோவில் வராத பாட்டு

புதுச்சேரியை விட்டு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் பொம்மையார்பாளையம் வரும். கடலோரக் கிராமம். விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகாவைச் சேர்ந்தது.

அந்த ஊர் டீக்கடையில் ரேடியோவைத் திருப்பினால் என்ன கேட்கும்?

சினிமாப் பாட்டு!

சென்னையிலும் அதே பாட்டு. மதுரையிலும் அதே பாட்டு. காலையில் வந்த பாட்டு மாலையில் மறுபடியும் வரும்.

இதற்குக் காரணம் பணம். தனியார் எப்.எம். நிலையத்துக்கு விளம்பரம்தான் வருமானம். விளம்பரம் கொடுப்பவர், "எத்தனை பேர் கேட்கிறார்கள்?" என்று கேட்பார். தெரியாத பாட்டைப் போட்டால் நேயர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவாரோ என்று நிலையத்தாருக்குப் பயம். ஆகவே, எல்லோருக்கும் தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

செல்போனும் இதைத்தான் செய்கிறது. நேற்று எந்தப் பாட்டைக் கேட்டோமோ, அதைப் போன்ற பாட்டையே இன்றும் எடுத்து நீட்டுகிறது.

கொழும்பு கொடுத்த விருந்து

ஒரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது.

1952-ம் ஆண்டு பி.வி.கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரி ஆனார். அவருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. கர்நாடக சங்கீதமும் இந்துஸ்தானி சங்கீதமும்தான் ரேடியோவில் வர வேண்டும் என்று நினைத்தார். சினிமாப் பாட்டு குறைக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் வந்தது. பாட்டு நின்றே போயிற்று.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள்! இலங்கை வானொலி சினிமாப் பாட்டுகளை அள்ளிக் கொடுத்தது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்தது.

கடைசியில் டெல்லி இறங்கி வந்தது. 1957-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி "விவித பாரதி" தொடங்கியது.

அன்று சினிமாப் பாட்டைத் தேடி அலைந்தார்கள். இன்று சினிமாப் பாட்டு அல்லாததைத் தேடி அலைய வேண்டி இருக்கிறது.

மணல் போனது, பாட்டும் போனது

தேடினால் கிடைக்குமா? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் கிடைக்கும்.

ஆடி மாதம் அம்மன் கோவிலுக்குப் போனால் பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு மூன்றும் சேர்ந்து முழங்கும். தெருக்கூத்தில் முகவீணை ஒலிக்கும். இது நாதசுரத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், குரல் கிண்ணென்று ஊர்க் கோடி வரை கேட்கும்! கூத்துக்காரருக்கு மைக் இல்லாத காலத்து வாத்தியம் அல்லவா?

கடற்கரைக்கு என்று தனிப் பாட்டு உண்டு. அதற்கு "அம்பாப் பாட்டு" என்று பெயர். துடுப்புப் போடும்போதும், வலை இழுக்கும்போதும் ஒருவர் பாட, மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். அதற்குத்தான் பாட்டு. மோட்டார்ப் படகு வந்ததும் துடுப்புக்கு வேலை போயிற்று. துடுப்போடு பாட்டும் போயிற்று.

பொம்மையார்பாளையத்துக்கு இன்னொரு சங்கடமும் வந்தது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். தெற்கே இருந்து வரும் மணல் அங்கே தடைபட்டது. வடக்கே இருந்த கரையைக் கடல் தின்றது. பொம்மையார்பாளையத்திலும், அடுத்த ஊரான பிள்ளைச்சாவடியிலும் வீடுகள் கடலுக்குப் பலியாயின.

கரைவலை இழுக்க அகலமான மணல் வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று பின்னால் நடக்க வேண்டும். நிற்கவே மணல் இல்லாத இடத்தில் எங்கே வலை இழுப்பது? எங்கே பாடுவது?

100 வாட் ரேடியோ

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு ரேடியோவில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் சமூக வானொலி.

இந்தியாவில் முதல் சமூக வானொலி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் "அண்ணா எப்.எம்." 2004 பிப்ரவரி 1-ந் தேதி அது தொடங்கியது. முதலில் கல்வி நிலையங்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுத்தார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே "கடல் ஓசை" 2016-ல் வந்தது.

பொம்மையார்பாளையத்துக்கு மிக அருகில் காலாப்பட்டு இருக்கிறது. அங்கே உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமூக வானொலிக்கு "புதுவை வாணி" என்று பெயர். 107.8-ல் முள்ளை வைக்க வேண்டும். காலாப்பட்டு புதுச்சேரி யூனியன் பிரதேசம், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. காற்றில் வரும் பாட்டுக்கு எல்லைக்கோடு ஏது?

இந்த வானொலிகளின் சக்தி 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான்! சுமார் 10 கிலோ மீட்டர் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளூர்க் கலைஞருக்கு இது நல்ல வாசல்.

ஆனால், கையில் காசு இல்லை. ஒரு மணி நேரத்தில் இத்தனை நிமிடம்தான் விளம்பரம் போடலாம் என்று கட்டுப்பாடு. 2024-ல் அதை 12 நிமிடமாக உயர்த்தினார்கள். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாய் கிடைத்தது. அதுவும் 74 ரூபாய் ஆயிற்று. கூடியது நல்லதுதான். ஆனால், முகவீணைக்காரரை வரவழைத்து, சம்பளம் கொடுத்து, பாட்டைப் பதிவு செய்ய இது போதுமா? கஷ்டம்தான்.

கேட்கிறவர் பக்கமும் ஒரு குறை உண்டு. ரேடியோப் பெட்டி இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. விலை உயர்ந்த போன்கள் பலவற்றில் எப்.எம். வசதியே இல்லை. அதை எடுத்துவிட வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசு போன் கம்பெனிகளைக் கேட்டுக் கொண்டது. பட்டன் வைத்த சின்னப் போன்களில் பெரும்பாலும் எப்.எம். இருக்கிறது. இந்த விஷயத்தில் ஏழையின் போன் பணக்காரர் போனை ஜெயித்துவிட்டது!

ரேடியோவும் வேண்டாம், போனும் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. பங்குனி பிறந்தால் திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் ஒவ்வொன்றாகக் கொடி ஏறும். பகலில் பாரதம் படிப்பார்கள். ராத்திரி கூத்து தொடங்கும். பொழுது விடியும் வரை நடக்கும். உட்காரப் பாய் கொண்டுபோக வேண்டும். டிக்கெட் கிடையாது.